முதல் சாட்சி

அழகியநம்பியின் கட்டைவிரலில் மை தடவப் போனவரின் மணிக்கட்டைச் சிவகாமியம்மாள் எட்டிப் பிடித்தாள். அந்நிய ஆண்பிள்ளை ஒருவரின் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்போது அது அவளுக்குத் தோன்றவில்லை.

"எந்தம்பிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இங்கிலீஷுலயும் போடுவான். ரேகை உருட்டுத ஆள் இல்ல" என்றாள்.

பிச்சுமணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விடும்வரை காத்திருந்தார். லாரி முதலாளியின் காரியஸ்தர் அவர். நெற்றியில் சந்தனக் கீற்று, கக்கத்தில் தோல் பை. வார்டுக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கோ அம்மா. அவர் இப்போ பேனா பிடிக்கிற நெலமையிலயா இருக்கார்? ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் முதலாளி பாத்துக்கறேன்னுட்டார். அதுக்கு ஒரு கடுதாசி வேணும். அவ்வளவுதான்."

"கடுதாசியில என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா எழுதறதுதான்."

"வாசியுங்க."

அவர் வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். மைப்பெட்டியை மூடினார். "சாயங்காலமா வந்து பாக்கறேன்" என்று படுக்கையில் கிடந்தவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு பொய்யில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்று நாளாக அவள் அந்த வார்டை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நெடுமங்காட்டிலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த தம்பியை, பேரூர்க்கடைக்கு முந்தின வளைவில், பொன்முடித் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த லாரி அடித்துப் போட்டுவிட்டது. முன்னால் போன மாட்டுவண்டியை முந்தப் பார்த்த லாரி, எதிரே பஸ் வரவும் சட்டென்று இடது பக்கம் ஒடித்தது. ஓரத்து மண்ணில் போய்க்கொண்டிருந்த சைக்கிள் அதன் அடியில் போனது. இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. வயிற்றுக்குள்ளே என்னவோ கிழிந்துவிட்டது. தையல் போட்டார்கள். சனிக்கிழமை பேசினான். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஏறியது. நேற்று இரவு டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, "இன்னு கடந்நு கிட்டியால் பாக்கியம்" என்று மலையாளத்தில் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது அவளுக்கு. இன்றைக்குத் தாண்டினால் பாக்கியம் என்ற அந்த மலையாளம் அவளுக்குப் புரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

அழகியநம்பி சர்க்காரில் அம்மை குத்துகிற உத்தியோகம் பார்த்தான். நெடுமங்காட்டுப் பகுதி அவன் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். அவன் சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைகள் பலாமரத்தில் ஏறி ஒளிந்துகொள்ளும் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை.

ஏழரை மணிக்கு வக்கீல் பகவதிப்பெருமாள் பிள்ளை குமாஸ்தா ஐயப்பனோடு வந்தார். அடுத்த தெருக்காரர், நாஞ்சில் நாட்டு மனிதர். வஞ்சியூர்க் கோர்ட்டில் அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. ஆனால் கூப்பிட்டால் வருகிற மனிதர். அவள் ஆள் விட்டது நேற்று இரவுதான்.

"பிச்சுமணி படியிறங்கிப் போறதைப் பாத்தேன்" என்றார். "கையெழுத்து ஏதும் போட்டியளா?"

"இல்ல."

"நல்லது." வக்கீல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாருங்கம்மா, போலீசு டிரைவரைப் பிடிச்சு வச்சிருக்கு. அது சர்க்காருக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு. அபராதமோ செயிலோ அவனுக்குக் கிடைக்கும். உங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நாம போட வேண்டியது சிவில் வழக்கு. லாரி ஓட்டினவன் சம்பளத்துக்கு ஓட்டினவன்லா, அப்ப அவன் செஞ்ச தப்புக்கு முதலாளியும் பதில் சொல்லணும். சைக்கிள் நடுரோட்டுக்கு வந்துதுன்னு அவங்க சொல்லுவாங்க. சொல்லட்டும். இடது ஓரத்துல, மண்ணுல கிடந்துதுன்னு மகஜர்லயே எழுதியாச்சு. நான் நேத்து ராத்திரியே ஸ்டேஷன்ல போய் வாசிச்சேன்."

"அப்ப போடுங்க."

வக்கீல் படுக்கையைப் பார்த்தார். பிறகு எழுந்து வராந்தா பக்கம் நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

"டாக்டர் என்ன சொல்லுகாரு?"

அவள் சொன்னாள். தன் வாயால் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் கம்பிக்கு வெளியே பார்த்தார். கீழே முற்றத்தில் ஒரு பெண் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "மறைச்சுப் பேசி என்ன ஆகப்போவுது" என்று பிறகு ஆரம்பித்தார். "அவரு பட்ட அடிக்கு அவருதான் கேக்கணும். அவரு இல்லேன்னா அந்த வழக்கும் அவரோட போயிரும். அதுக்கப்புறம் கேக்க உரிமை உள்ளது பெண்டாட்டிக்கு, பிள்ளைகளுக்கு, தாய் தகப்பனுக்கு."

"தாய் தகப்பன் போயி இருவது வருசம் ஆச்சு. அவனை நம்பி இருக்கது நாந்தான்."

"சகோதரிக்கு அதுல இடம் இல்லம்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ தவறாகப் படித்துவிட்டார், இன்னொரு தடவை படித்தால் சரியாகிவிடும் என்பதுபோல.

"இந்த ஊரு நாயம்மாருக்குள்ள சகோதரிதான் எல்லாம். தறவாட்டுக் குடும்பச் சொத்தே அவ பேருலதான். நமக்கு அப்படி இல்லையே" என்றார் வக்கீல் தாழ்ந்த குரலில். "பிச்சுமணிக்கு இது தெரியும். ரேகை கிடைச்சா நல்லது, கிடைக்காட்டாலும் சும்மா பொறுத்திருந்தாப் போரும். அதனாலதான் சொல்லுகேன், இப்பமே, அவருக்கு நினைவு இருக்கும்போதே வக்காலத்துல கையெழுத்து வாங்கி இன்னிக்கே கோர்ட்டுல போட்டிருவோம். நாளைக்கு அது நிக்குமா நிக்காதாங்கது பிறகு. போட்டு வைக்கது நம்ம கடமை."

இருபத்தாறு வயதில் தாலியறுத்துப் இந்த ஊரில் இருந்த தாய் தகப்பனிடம் வந்து சேர்ந்தபோது தம்பிக்குப் பத்தொன்பது வயது. அப்போதிருந்து அவன் சோறுதான். அவள் சமைத்தாள், அவன் கொண்டுவந்தான். அதற்கு ஒரு பெயர் இருக்கிறதா, சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

படுக்கைக்குத் திரும்பியபோது அழகியநம்பி விழித்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவள் துணியை நனைத்து ஒற்றினாள்.

"நெடுமங்காட்டுக்கு யாராவது சொன்னாவளா?" என்று கேட்டான்.

"ஆபீசுக்குச் சொல்லியாச்சு. இன்ஸ்பெக்டர் நேத்தே வந்து பாத்துட்டுப் போனாரு. நீ தூங்கிட்ட."

"ஆபீசு இல்லக்கா."

கண்ணை மூடிக்கொண்டான். வக்கீல் முக்காலியில் அமர்ந்து, மடியில் பலகையை வைத்து, வக்காலத்துப் பாரத்தில் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார், அவன் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பெயர், தகப்பனார் பெயர், வயது, உத்தியோகம். "விவாகம் ஆகவில்லை…" என்று தாமாகவே சொல்லிக்கொண்டு போனார்.

"ஆச்சு" என்றான் அழகியநம்பி.

வக்கீலின் பேனா நின்றது. சிவகாமியம்மாள் அவன் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. "காய்ச்ச வேகத்துல பேசுதான்" என்றாள்.

"தெளிவாத்தான் இருக்கேன்க்கா." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். "ஓமனான்னு பேரு. நெடுமங்காட்டுல பொம்பளப் பிள்ளைய பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். ஏழு வருசம் ஆச்சு. அவ வீட்டுல விளக்கு வச்சு, அவ தாய்மாமன் முன்னால, ஊருக்காரங்க நாலு பேரு பாக்கப் புடவை குடுத்தேன். ஒரு பொண்ணு. சாவித்ரி. அஞ்சு வயசு." கண்ணை மூடினான். மறுபடி திறந்தான். "இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்க" என்றார் வக்கீல்.

"நாளைக்கு வருவேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நனைத்த துணி சிவகாமியம்மாளின் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிழியவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. பதில் அவளுக்கே தெரியும். இரண்டு வரன்கள் வந்தன அவனுக்கு. முதலில் கடையநல்லூர்ப் பெண்; ஜாதகம் பொருந்தவில்லை என்றாள். ஜாதகத்தை அவள் யாரிடமும் காட்டவேயில்லை. அடுத்தது கோட்டாற்றுப் பெண். குரல் சரியில்லை, வீடு அடங்காது என்றாள். அவன் இரண்டு தடவையும் "சரிக்கா" என்றான். வேறொருத்தி அடுப்படிக்கு வந்துவிட்டால் தன் தட்டில் சோறு எப்படி விழுமோ என்ற பயம் அன்று அவளுக்கு இருந்தது. அதற்கு அவள் வேறு வேறு பெயர்கள் வைத்துக்கொண்டாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அந்தப் பயத்தை மதித்து, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போய் வாழ்ந்திருக்கிறான்.

வக்கீல் எழுந்து அவள் அருகே வந்தார். குரலை மிகவும் தணித்துக்கொண்டார்.

"அம்மா, இப்பம் காரியம் வேற. ஊரறியப் புடவை குடுத்ததுன்னா அது கல்யாணம்தான், இந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கிடும். பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்காங்கன்னா அவரு போன பிறகும் வழக்கு உண்டு. ஆனா எதிர்க்கட்சிக்காரன் விடமாட்டான், இவ யாரோ எவளோன்னுவான். அதுக்கு அவரு வாய்மொழி எழுத்துல வேணும். இவ என் மனைவி, இது என் பிள்ளைன்னு அவரு கையெழுத்தோட."

"எழுதிக்கிடுங்க."

"ரெண்டுலயும் கையெழுத்துப் போட அவருக்குத் தெம்பு இருக்கான்னு பாருங்க." அவர் கண்கள் படுக்கையில் கிடந்த வலது கையை நோக்கின. அது விரிப்பின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணுதான் முடியும்னு எனக்குத் தோணுது. வக்காலத்துன்னா அவரு பிழைச்சாத்தான் உதவும். மத்தது…"

மற்றதை எழுதச் சொன்னால், தம்பி போய்விடுவான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் காதில் விழும்படி, அவன் எதிரிலேயே.

சிவகாமியம்மாள் துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மத்ததை எழுதுங்க" என்றாள்.

அழகியநம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு கட்டு அவிழ்ந்ததுபோல இருந்தது.

வக்கீல் ஒரு பக்கம் எழுதினார். டாக்டரை வரவழைத்து, நோயாளிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று கீழே ஒரு வரி எழுதி வாங்கினார். அழகியநம்பியின் தோளுக்கு அடியில் கைகொடுத்து அவள் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் பேனாவை வாங்கினான். முதல் எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பாதியில் பேனா சறுக்கி ஒரு கோடு இழுத்தது. மறுபடி ஊன்றி முடித்தான். முடித்ததும் முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"முதல் சாட்சி நீங்க போடணும்" என்றார் வக்கீல் அவளிடம். "அவரு சொந்தத்துல ஒருத்தர் ஒத்துக்கிட்டதா இருக்கணும். உறவுமுறையும் எழுதுங்க."

அவள் 'சிவகாமி' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, 'உடன்பிறந்த அக்காள்' என்று பக்கத்தில் எழுதினாள்.

இந்தக் கையெழுத்தைப் பற்றி ஒன்றரை வருஷம் கழித்து வஞ்சியூர்க் கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் அவளைக் கூண்டில் நிறுத்திவைத்து முக்கால் மணி நேரம் குடைந்தார். சாகிறவனின் கையை நீ பிடித்துக் கொடுத்தாயா, உனக்கு இதில் என்ன ஆதாயம், யார் சொல்லிக் கொடுத்தது என்றெல்லாம் கேட்டார். "தோளைத்தான் பிடிச்சேன், கையை அவன்தான் அசைச்சான். எனக்கு ஆதாயம் ஒண்ணும் இல்லேன்னு உங்க சட்டத்துலயே இருக்காமே" என்று அவள் சொன்னபோது ஜட்ஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு தாய்க்கும் மகளுக்கும் சாதகமாயிற்று. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்.

ஒன்பது மணி பஸ்ஸில் ஐயப்பனை நெடுமங்காட்டுக்கு அனுப்பினார் வக்கீல். அவரும் போன பிறகு, கட்டிலருகே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அழகியநம்பி கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறானா என்று தெரியவில்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து அவன் காலடியில் விழுந்தது. அவள் விரிப்பை இழுத்து மூடினாள்.

பலாப்பழக் காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் சக்கவரட்டி கொண்டுவருவான். வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கறுகறுவென்று கிண்டியிருக்கும். நெடுமங்காட்டுக் கடையில் வாங்கினேன் என்பான். ஏழு வருஷமாக அவள் அதைத் தின்றிருக்கிறாள்.

"நம்பி."

"ம்."

"அந்தச் சக்கவரட்டி… அவ கிண்டுனதா?"

கண்ணைத் திறக்காமலே அவன் உதடு விரிந்தது. "அவதான். கடைக்காரனுக்கு நல்ல கைப்பக்குவம்னு நீ சொல்லுவயில்ல. ஒவ்வொரு தடவையும் போயி அவகிட்ட சொல்லுவேன். ரொம்பச் சந்தோசப்படுவா."

பிறகு அவன் தண்ணீர் கேட்டான். இரண்டு மிடறு குடித்தான். மூன்றாவது மிடறு கடைவாயில் வழிந்தது. பதினொன்றரை மணிக்கு நர்ஸ் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விபத்தில் போன உயிர் என்பதால் போலீஸ் வந்தது, பரிசோதனை நடந்தது. உடலைப் பழவங்காடிக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குக் கொண்டுவரும்போது மணி நாலு. பொழுது சாய்வதற்குள் தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும் என்று சித்தப்பா பரபரத்துக்கொண்டிருந்தார். அவர் மகன்தான் கொள்ளி வைப்பதாக ஏற்பாடு. தெருப் பெண்கள் வந்து அழுதார்கள். சிவகாமியம்மாளுக்கு அழுகை வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். அடிக்கடி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரை எதிர்பார்க்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

பிச்சுமணி ஒரு ரோஜா மாலையோடு வந்தார். உடலுக்குச் சாத்தினார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவளைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறைப் பக்கம் கண்ணால் அழைத்தார்.

"இந்த நேரத்துல பேசக்கூடாதுதான். ஆனா நாளைக்கு முதலாளி ஆலப்புழை போறார், வர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள மனசு மாறினாலும் மாறும், பெரிய மனுஷா விஷயம்." குரலில் உண்மையான கவலை இருந்தது. "சட்டப்படி உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. வக்கீலே சொல்லியிருப்பார். ஆனா நான் முதலாளிகிட்ட மன்றாடி ஒத்துக்க வச்சிருக்கேன். உங்க ஜீவியகாலம் வரைக்கும் மாசாமாசம் வீடு தேடி வந்துடும். நான் பொறுப்பு. என் தமக்கையும் உங்களை மாதிரிதான்."

இந்தத் தடவை அவர் காகிதத்தைத் தாமாகவே விரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இறந்துபோன அழகியநம்பிக்கு மனைவியோ மக்களோ இல்லை என்றும், உடன்பிறந்தவளாகிய தன்னைத் தவிர அவரைச் சார்ந்தவர்கள் வேறு யாரும் கிடையாது என்றும் இருந்தது.

நாற்பத்தெட்டு வயது அவளுக்கு. இந்த வீடு வாடகை வீடு. சித்தப்பா வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலை எப்படி இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் அவள் சாகும்வரைக்குமான சோறு இருந்தது. காலையில் வாங்கிய எழுத்து வக்கீலின் பெட்டிக்குள் இருக்கிறது. காய்ச்சல் வேகத்தில் உளறினான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முதலில் சொன்னதும் அதைத்தானே.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பிச்சுமணி அவசரப்படுத்தவில்லை. கூடத்தில் யாரோ ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "யாருளா அது வாசல்ல?" என்று கேட்டது காதில் விழுந்தது.

சிவகாமியம்மாள் முன்னால் வந்து பார்த்தாள். தெருவில், வீட்டுப் படியிலிருந்து பத்தடி தள்ளி, ஐயப்பன் நின்றான். அவனுக்குப் பின்னால் முண்டும் நேரியதும் உடுத்திய ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சிவப்புமண் புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் பஸ் டிக்கெட்டுகளைக் கசக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். அவள் அழவில்லை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு, அதைத் தாண்டி வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். குழந்தை மட்டும் எட்டி எட்டி வீட்டுக்குள்ளே பார்த்தது. அதன் நெற்றியும் புருவமும் அப்படியே நம்பி.

சிவகாமியம்மாள் படியிறங்கினாள்.

அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பினாள். குழந்தையின் கையும் சேர்ந்து மேலே போயிற்று. "சேச்சி… ஒண்ணு கண்டோட்டே. கண்டுட்டு ஞங்கள் பொய்க்கொள்ளாம்." ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்று கெஞ்சினாள்.

"எங்க போவ?" என்றாள் சிவகாமியம்மாள். "உள்ள வா."

ஓமனா அசையவில்லை. அவள் கூடத்தில் இருந்த முகங்களைப் பார்த்தாள். சிவகாமியம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து, செருப்புகளுக்கு நடுவே வழி பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்கள் ஒதுங்கினார்கள். சித்தப்பா எழுந்துவிட்டார்.

"சிவாமி, யாரு இது?"

"நம்பி பெண்டாட்டி. இது அவன் மக."

"என்ன பேசுத நீ? எந்த ஊரு, என்ன சாதின்னு…"

"எல்லாம் எனக்குத் தெரியும் சித்தப்பா. அவன் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான்." குரல் உயரவில்லை. "அவளுக்கு இடம் விடுங்க. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவ அவனைப் பாக்கல்ல."

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். ஒருத்தி மட்டும் வெறுப்பாக எழுந்து வெளியே போனாள். மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஓமனா தலைமாட்டில் மண்டியிட்டாள். மாலையைக் கொஞ்சம் விலக்கி, அவன் காதோரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு இழை ஒன்றை எடுத்துப் போட்டாள். நிரம்பப் பழகிய கை. அதைப் பார்த்ததும்தான் சிவகாமியம்மாளுக்கு மூன்று நாளாக வராத அழுகை வந்தது. சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

பிச்சுமணி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவள் காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதுல எழுதியிருக்கது பொய்யி. இனி கேக்க வேண்டியது என்னான்னாலும் அவகிட்ட கேளுங்க. பதினாறு கழியட்டும். பகவதிப்பெருமாள் பிள்ளை வருவாரு."

"உங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாதே அம்மா" என்றார் அவர். வருத்தமாகத்தான் சொன்னார்.

"தெரியும்."

அவர் காகிதத்தை நாலாக மடித்தார். போகும்போது உடலைச் சுற்றி வந்து, ஓமனாவின் எதிரில் ஒரு நிமிஷம் நின்று, படியிறங்கினார்.

ஐந்தரை மணிக்கு எடுத்தார்கள். சாலைத் தெருக் கடைக்காரர்கள் இரண்டு பக்கமும் எழுந்து நின்றார்கள். ஆண்கள் கூட்டம் திருப்பத்தில் மறைந்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. தெருப் பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். குளித்து ஈரத்தலையோடு சிவகாமியம்மாள் வந்து உட்கார்ந்தபோது, ஓமனா சுவரோரம் சாய்ந்திருந்தாள். சிவகாமியம்மாளின் பழைய வெள்ளைப் புடவை அவளுக்குக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. குழந்தை ஈரத் தரையில் தன் காலடி பதிகிறதா என்று ஒவ்வோர் அடியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, அழைக்காமலே வந்து சிவகாமியம்மாளின் மடியில் தலை வைத்துப் படுத்தது.

கிழக்கே கோட்டை வாசல் பக்கமிருந்து பஸ்ஸின் ஊதல் கேட்டது. நெடுமங்காட்டுக்குக் கடைசி வண்டி. ஓமனா நிமிர்ந்தாள். சிவகாமியம்மாள் திரும்பவில்லை. குழந்தையின் தலையில் சிக்கியிருந்த ஒரு காய்ந்த இலையைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டு மங்கலம் பின்கட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

"சிவாமியக்கா, கஞ்சி எத்தனை பேருக்கு?"

"மூணு பேருக்கு" என்றாள் சிவகாமியம்மாள். கொஞ்சம் பொறுத்து, "தொட்டுக்க உறைப்பா ஒண்ணும் வேண்டாம். சின்னப் பிள்ளை இருக்கு" என்றாள்.

குழந்தை தூங்கிவிட்டது. அவளுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.